பழைய ரவைக்கு என்ன விலை?

லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நடக் குழி வெட்டுகிறீர்கள். மண்வெட்டியில் ஏதோ தட்டுப்படுகிறது. துரு தின்ற ஒரு டின். உள்ளே பச்சை பூத்த பித்தளை ரவைகள், ஐந்து ஐந்தாக இரும்புக் கிளிப்பில் செருகியபடி. ஒன்றை எடுத்துச் சாரத்தில் துடைத்து மடியில் செருகிக்கொண்டு, பஸ் ஏறி, இரத்தோட்டை டவுனில் பழைய இரும்பு எடுக்கிறவரிடம் போகிறீர்கள்.

“இது என்ன விலை போகும் முதலாளி?”

“தம்பி, மொதல்ல அத கீழ வையி. மெதுவா. வச்சிட்டியா? இப்ப வெளிய வா, பேசுவோம்.”

கற்பனைக் காட்சிதான். ஆனால் அந்த முதலாளி தன் தொழில் தெரிந்தவர். விலை சொல்லுமுன் பொருளைக் கையிலிருந்து இறக்கச் சொன்னார் பாருங்கள், அதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம்.

இந்த மலையில் பழைய இராணுவ ரவை வந்து சேர்ந்த வழியை ஊகிப்பது கடினமல்ல. 1900இல் கண்டியைத் தலைமையிடமாக வைத்துத் தோட்டத் துரைமாருக்கென்றே ஒரு தொண்டர் படை எழுந்தது: சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர். போவர் யுத்தத்துக்குத் தென்னாபிரிக்கா போனது, முதல் உலகப் போரில் எகிப்துக்கும் கலிப்போலிக்கும் போனது. தேயிலையும் ஏலமும் கணக்குப் பார்த்த அதே துரைமார் இந்தப் படையில் துவக்குப் பிடித்தார்கள். 1944இல் மவுன்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தையே கண்டிக்கு மாற்றினார். மலைநாட்டில் சிப்பாய்கள் நிறைந்தார்கள். பிறகு துரை கப்பலேறினார். பங்களாவின் துவக்கு அலுமாரி மிஞ்சியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம், 1992இல் கம்பனிகளுக்குக் கைமாற்றம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஸ்டோரை எண்ணிப் புத்தகத்தில் எழுதினார்கள். புத்தகத்தில் இல்லாத பொருளை எண்ண யாருக்கு நேரம்? அது மூலையிலேயே கிடந்தது, அல்லது மண்ணுக்குள் போனது. தோட்டத்தையும் தோட்டாவையும் இந்த மலைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரே ஆட்கள்தான்.

எனவே பழைய இரும்புக் கடையில் தராசு பிடிப்பவர், தோட்ட ஸ்டோரில் கிளாக்கர் வேலை பார்ப்பவர், அத்திவாரம் வெட்டும் பாஸ், உயர்தரம் எழுதிவிட்டு என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளை – இந்த நால்வருக்கும் பழைய ரவையை மதிப்பிடத் தெரிந்திருப்பது உதவும். விற்பதற்காக அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

கைக்காசு: பூச்சியம்

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். இலங்கையில் அந்த டின்னுக்கு உங்கள் கைக்கு வரும் காசு பூச்சியம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலன் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். ரவை வைத்திருப்பதும் குற்றம். “எங்கள் ஐயாவிடம் பன்றி விரட்டப் பன்னிரண்டு போர் துவக்குக்கு லைசன் இருக்கிறது” என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த லைசன் அந்தத் துவக்குக்கு, அதற்குரிய தோட்டாவுக்கு. இராணுவ ரைபிள் ரவை அதற்குள் அடங்காது.

“பழம்பொருள்தானே, நூதனசாலைக்காரர் வாங்க மாட்டார்களா?” என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். 1940இல் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை எழுதியவர்கள் எல்லையாக வைத்த நாள் 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். 1848 மாத்தளைக் கலவரத்தில் புரன் அப்புவின் ஆட்கள் மீது பாய்ந்த ஈயக் குண்டே அந்த எல்லைக்கு 33 வருடம் இந்தப் பக்கம் நிற்கிறது. 1943ஆம் ஆண்டு ரவை எங்கே நிற்கும்!

சரி, வெறும் பித்தளையாகவாவது? பிரிட்டிஷ் படையின் .303 ரவை ஒன்றின் கோது ஏறத்தாழ 11 கிராம். 100 ரவையையும் உடைத்தெடுத்தால் கையில் நிற்பது ஒரு கிலோவும் கொஞ்சமும். அதற்காக நீங்கள் 100 தடவை வெடிமருந்தோடும் கேப்போடும் விளையாட வேண்டும். கேப் என்பது கோதின் அடியில் நடுவில் இருக்கும் சின்னக் கிண்ணம்; சுத்தியல் தட்டினால் வெடிப்பதற்கென்றே செய்தது. இதைச் செய்து கண்ணையும் விரலையும் இழந்தவர்கள் வடக்கில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் பித்தளை விலை சொல்வார்கள்.

அடியைப் பாருங்கள்

இனித் தொழில். ரவையை மதிப்பிடுகிறவர் முதலில் பார்ப்பது கூர்முனையை அல்ல, அடியை. கோதின் அடித்தட்டில் வட்டமாகச் சில எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். இதை வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்த ரவை தன் பிறந்த ஊரையும் வருடத்தையும் சொல்லிவிடும்.

‘கே’ (K) என்ற எழுத்து இருந்தால் பேர்மிங்ஹாமின் கைனோக் தொழிற்சாலை என்று பொருள். ‘ஆர்ஜி’ என்றால் செஷயரின் ராட்வே கிரீன். ‘டிஐ’ என்றால் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம். ‘கேஎஃப்’ என்றால் புனேக்கு அருகே உள்ள கிர்க்கி. டம்டம் பெயர் எங்கோ கேட்டது போலிருக்கிறதா? உடலுக்குள் விரிந்து கிழிக்கும் சன்னத்துக்கு உலகமே ‘டம்டம்’ என்று பெயர் வைத்தது அந்த ஊரை வைத்துத்தான். 1899 ஹேக் பிரகடனம் அதைத் தடை செய்தது. ஓர் ஊர்ப்பெயருக்கு இப்படியும் கெட்டபெயர் வரும்.

எழுத்துக்கு அடுத்து ஆண்டு, இரண்டு இலக்கமாகவோ நான்காகவோ. அதற்கடுத்து ரோமன் ஏழு இருந்தால் மார்க் 7 ரகம்: 1910இல் வந்தது, 174 கிரெயின் எடையுள்ள கூர்முனைச் சன்னம். 174 கிரெயின் என்றால் 11 கிராமுக்குச் சற்று அதிகம். அதன் உள்ளே முன்பகுதியில் ஈயம் இல்லை, அலுமினியமோ மரக்கூழோ இருக்கும். ஆகவே பின்பகுதி கனம். இசட் எழுத்து சேர்ந்திருந்தால் உள்ளே கோர்டைட் கயிறு இல்லை, நைட்ரோசெலுலோஸ் தூள் இருக்கிறது என்று பொருள். கேப்பைச் சுற்றி நிற வளையம் இருக்கும். ஊதா என்றால் சாதாரண ரவை. சிவப்பு என்றால் வழிகாட்டி ரவை, பறக்கும்போது ஒளிரும். பச்சை என்றால் கவசம் துளைப்பது. நீலம் என்றால் தீமூட்டுவது. நீலத்தைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள்.

அண்மைக் காலத்துப் பொருள் என்றால் கதை வேறு. 1954இல் நேட்டோ நாடுகள் ஏற்றுக்கொண்ட 7.62 ரவையின் அடியில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருக்கும். நம் நாட்டில் எல்லோரும் பேர் கேட்ட ரி-56 துவக்கின் சீன ரவைக்கு எழுத்தே இல்லை, தொழிற்சாலை எண்ணும் ஆண்டின் இரண்டு இலக்கமும் மட்டும். கோதும் பெரும்பாலும் பித்தளை அல்ல, செம்பு பூசிய இரும்பு. காந்தம் ஒட்டும். பித்தளை என்று நம்பி எடுத்த இரும்புக் கடைக்காரருக்கு அங்கேயே நட்டம்.

இதெல்லாம் கையிலெடுத்து உருட்டிப் பார்க்கிற பாடம் அல்ல. பொலிஸோ படையினரோ எடுத்து வைத்த பிறகு மேசையில் பார்ப்பது, அல்லது எட்ட நின்று எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்ப்பது. ஆனால் பார்த்ததை எழுதத் தெரிய வேண்டும். தோட்ட ஸ்டோர்ப் புத்தகத்தில் ‘பழைய புல்லட் – 1 டின்’ என்று எழுதுகிறவர் கிளாக்கர். ‘பித்தளைக் கோது, அடியில் விளிம்பு உண்டு, கே 43 ரோமன் 7, ஊதா வளையம், ஐந்து கொண்ட கிளிப் 8, தனி ரவை 3, கழுத்தில் வெடிப்புக் கண்டவை 6, டின் மூடி உடைந்தது’ என்று எழுதுகிறவர் நாளைக்கு வேறு இடத்தில் உட்காரப்போகிறவர். இரண்டாவது ஆளுக்குப் பத்து நிமிடம்தான் அதிகம் பிடித்திருக்கும்.

விலை பிறக்கும் இடம்

அந்த டின் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ சட்டப்படி ஒருவர் கையில் இருந்தால் அதற்கு விலை உண்டு. அந்த விலை எப்படி அமைகிறது என்று தெரிந்துகொள்வது வீண் வேலை அல்ல. எந்தப் பழம்பொருளையும் மதிப்பிடுகிற புத்தி இதற்குள் இருக்கிறது.

அங்கே வாங்குகிறவர்கள் இரண்டு சாதி. சுடுகிறவர், சேர்க்கிறவர். இருவரும் ஒரே பெட்டியை வெவ்வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

சுடுகிறவர் புதுச் சரக்கு விலையிலிருந்து தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார். பழைய இராணுவ ரவையின் கேப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு குழலுக்குள் அது உப்பாக மிஞ்சி, ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவேற்றும். எண்ணெய் போட்டால் போகாது, தண்ணீரால் கழுவ வேண்டும். அதற்கு ஒரு கழிவு. பாதரச கேப் என்றால் பித்தளையே நொறுங்கும் தன்மையாகிவிடும், கோதை மீண்டும் நிரப்ப ஆகாது. அதற்கும் கழிவு. கேப் கிண்ணத்தின் கீழே ஒரு துளை இருந்தால் பொக்சர் முறை, எளிதாக மீண்டும் நிரப்பலாம். இரண்டு துளை இருந்தால் பெர்டான் முறை, சிரமம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொக்சர் ஆங்கிலேயர், அவர் முறை அமெரிக்காவில் நிலைத்தது. பெர்டான் அமெரிக்கர், அவர் முறை ஐரோப்பாவில் குடியேறியது. கடைசியாக, சுத்தியல் விழுந்த பிறகு ஒரு கணம் தாமதித்து வெடிக்கும் ரவை என்று பேர் வாங்கிய தொகுதி என்றால், விலை கேட்பதே நின்றுவிடும். எல்லாம் கழித்த பிறகு புதுச் சரக்குக்கும் இதற்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் புத்திசாலி புதியதைத்தான் வாங்குவார்.

சேர்க்கிறவர் கூட்டிக்கொண்டே வருவார். அரிய தொழிற்சாலை, குறைவாகச் செய்த வருடம், உடையாத முத்திரை, தொகுதி எண் தெரியும் லேபிள், மூலப் பெட்டி – ஒவ்வொன்றுக்கும் காசு. மூடி திறக்காத டின்னுக்கும் அதே ரவை தனியாக உதிர்ந்து கிடப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அவருக்கு முன்னால் நீங்கள் செய்யக்கூடிய பெரிய பிழை, பளபளக்கத் தேய்த்துக் கொண்டுபோவது. ‘பிராசோ’ போட்டு மினுக்கிய ரவையைப் பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்குகிற வீட்டுப் பழக்கம் இங்கே செல்லாது.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், விலையை ஒரே இரவில் தூக்கவும் இறக்கவும் வல்லவர். அரசாங்கம். 1994இல் அமெரிக்கா சீனத் துவக்கு, ரவை இறக்குமதியைத் தடுத்தது. 2014 ஏப்ரலில் ரஷ்யாவின் 7என்6 என்ற 5.45 ரவையை, கைத்துவக்கிலும் சுடக்கூடிய கவசம் துளைக்கும் ரவை என்று வகைப்படுத்தி நிறுத்தியது. பொருள் மாறவில்லை, தரம் மாறவில்லை, ஒரு கடதாசி மாறியது. அதுவரை மலிவாகக் குவிந்து கிடந்த சரக்கு அன்றே அரிய சரக்கானது. நம்மூரில் விலை பூச்சியம் என்று மேலே சொன்னேனே, அதுவும் இதே கணக்குத்தான். ரவைக்கு விலை அதன் பித்தளையில் இல்லை. யார் வாங்க உரிமையுள்ளவர் என்பதில் இருக்கிறது.

மழையும் மாட்டுக் கொட்டிலும்

ஒரே வருடம், ஒரே தொழிற்சாலை. ஒரு பெட்டி எழுபது வருடம் கழித்தும் நன்றாக இருக்கும், இன்னொன்று இருபதில் கெட்டுவிடும். ஏன்? வைத்த இடம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த அறிவு பிறந்ததே நம் பக்கத்து மழையில்.

இந்தியாவில் ஆங்கிலேயப் படை மழைக்காலம் முடியும்வரை ரவைகளைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்தது. மழை விட்டுத் திறந்து பார்த்தால் கோதுகளில் வெடிப்பு. யாரும் தொடவில்லை, எதுவும் மோதவில்லை, தானாகவே வெடிப்பு. ‘பருவ வெடிப்பு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பேர் வைத்தார்களே தவிரக் காரணம் புரியவில்லை. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, மழைக்காற்றின் ஈரம், கோதை இழுத்து நீட்டிச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் – மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். மருந்து எளிது. செய்து முடித்தபின் மெல்லச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது. பழைய இராணுவ ரவையின் கழுத்தில் நீலம் பாய்ந்த நிறம் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது அந்தச் சூட்டின் அடையாளம்.

இரத்தோட்டைக்கு இது நேரே பொருந்தும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மழை, மூடுபனி, லயத்தோடு ஒட்டிய மாட்டுக் கொட்டில். பித்தளைக்கு இதைவிட மோசமான வீடு வேண்டுமா? எனவே இங்கே மண்ணுக்குள்ளிருந்து வருகிற ரவையில் கழுத்து வெடிப்பை முதலில் தேட வேண்டும். பச்சைப் பூச்சு மட்டும் என்றால் மேல்தோல் நோய். குழி குழியாக அரித்திருந்தால் கோது பலம் இழந்துவிட்டது. சன்னம் கழுத்தில் ஆடினால், புளித்த அமில நெடி வந்தால், உள்ளே மருந்தும் கெட்டுவிட்டது.

மருந்து கெடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. நைட்ரோசெலுலோஸ் தானாகவே மெல்ல மெல்லச் சிதையும் பொருள். சிதைவை அடக்கி வைக்க ஓர் உறுதிப்படுத்தியைச் சேர்த்திருப்பார்கள். அது தீர்ந்துவிட்டால் அமிலப் புகை, சூடு, பிறகு தானே தீப்பற்றவும் கூடும். சூடு 10 பாகை கூடினால் இந்தச் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது களஞ்சியக்காரர்களின் வாய்ப்பாடு. தகரக் கூரை ஸ்டோரின் பரணில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ரைபிள் ரவைக்குள் இருக்கிற சிறு அளவு மருந்தைவிட, மொத்தமாகக் குவித்த களஞ்சியத்துக்கே இந்தப் பயம் பெரிது. 2016 ஜூன் 5 அன்று கொஸ்கம சாலாவ இராணுவ ஆயுதக் களஞ்சியம் வெடித்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒரு சிப்பாய் உயிரிழந்தார், சுற்றியிருந்த வீடுகள் சிதைந்தன. வெடிபொருளை எங்கே, எவ்வளவு, எதன் பக்கத்தில் வைக்கலாம் என்பது தனிப் படிப்பு; அந்தப் படிப்பை முடித்தவர்கள் இந்த நாட்டுக்கு வேண்டும்.

கோர்டைட் என்று சொன்னேன். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காடு என்று ஓர் ஊர். 1903இல் அங்கே கோர்டைட் தொழிற்சாலை தொடங்கியது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கலந்து, நூல் நூலாகப் பிழிந்தெடுக்கும் மருந்து. குளிர் மலையைத் தேடிப் போய்க் கட்டினார்கள். 2021இலிருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து தலைமன்னார் வழியே போன நம் சொந்தக்காரர்கள் பலர் இறங்கியது அதே நீலகிரியில். தேயிலைக்குத்தான் போனார்கள். பக்கத்திலேயே தமிழ்த் தொழிலாளர் மூன்று தலைமுறையாக வெடிமருந்தைக் கைத்தொழிலாகச் செய்துகொண்டிருந்தார்கள். இந்தத் துறை நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

வேலை எங்கே இருக்கிறது

படிக்கிற பிள்ளைக்கு நேர்வழி, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். நீதவான் நீதிமன்றங்களிலிருந்து வரும் துவக்கு, ரவை, வெற்றுக் கோது எல்லாம் கடைசியில் பத்தரமுல்லைக்குத்தான் போகின்றன. எந்த ரகம், சுடக்கூடிய நிலையில் இருக்கிறதா, சட்டத்தின் எந்தப் பெயருக்குள் அடங்கும் என்று எழுதிக் கையெழுத்திடுகிறவர் அங்கே இருக்கும் விஞ்ஞானப் பட்டதாரி. உயர்தரத்தில் இரசாயனவியல், பௌதிகவியல் எடுத்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் முடித்து வர்த்தமானி அறிவித்தலைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவம், பொறியியல் கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று டியூஷன் வகுப்பு வாசலில் அழுகிற பெற்றோருக்கு இப்படி ஒரு மேசை இருப்பதே தெரியாது.

படையில் ஆயுதத் தளவாடப் படையணி, பொலிஸில் குற்றத்தல ஆய்வுப் பிரிவு, விசேட அதிரடிப்படையின் குண்டு செயலிழப்புப் பிரிவு – இவையும் கதவுகள்தான். இவற்றைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. யாருக்கு அந்த வாழ்க்கை ஒத்துவரும் என்று அவரவர் வீட்டுக்குத் தெரியும்.

சாதாரண தரத்தோடு நின்றவருக்கும் ஒரு வழி உண்டு: வடக்கில் கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள். ஹலோ டிரஸ்ட், மாக், உள்நாட்டு அமைப்புகளான டாஷ், ஷார்ப். பட்டம் கேட்க மாட்டார்கள். பொறுமை, நல்ல கண், சொன்னதைச் சொன்னபடி செய்கிற குணம் கேட்பார்கள். மிச்சத்தை அவர்களே பயிற்றுவிப்பார்கள். பெண்கள் பலர் இதைச் செய்து குடும்பம் நடத்துகிறார்கள். சர்வதேசக் கண்ணிவெடி நடவடிக்கைத் தரங்களின்படி வெடிபொருள் அகற்றுவோருக்கு 1, 2, 3 என்று படிகள் உண்டு. முதல் படியில் கண்ட இடத்திலேயே ஒற்றைப் பொருளை அழிக்கப் பழகுவீர்கள். இரண்டில் பலவற்றை எடுத்துச் சென்று அழிக்கலாம். மூன்றில் செயலிழக்கச் செய்யும் வேலை. ஒவ்வொரு படிக்கும் சான்றிதழ், ஒவ்வொரு சான்றிதழுக்கும் சம்பள ஏற்றம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குதிக்காதீர்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2018 ஜூன் 1 முதல் அது நமக்கு நடைமுறைக்கு வந்தது. கண்ணிவெடிகளை அகற்றி முடிக்கக் குறித்த நாள் 2028 ஜூன் 1. வேலை முடிய முடிய ஆட்குறைப்பும் வரும். இந்த அமைப்புகள் வெளிநாட்டு நிதியில் நிற்கின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது உலகம் முழுவதும் இந்தத் துறை ஆடிப்போனது. எனவே உள்ளூரில் மண் தோண்டுவதோடு நிற்காமல் மேல்படிகளுக்கு ஏறுங்கள், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழகுங்கள். ஈராக், கம்போடியா, லாவோஸ், உக்ரைன் – கையில் சான்றிதழும் அனுபவமும் உள்ளவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. களஞ்சிய முகாமைத்துவத்துக்கு ஐக்கிய நாடுகள் சபை 2011இல் வெளியிட்ட சர்வதேச வெடிபொருள் தொழில்நுட்ப வழிகாட்டிகளை இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். அதில் பத்துப் பக்கம் வாசித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனவரையும் வாசிக்காமல் போனவரையும் கேட்கிறவர் உடனே பிரித்தறிவார்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு ஒரு சொல். தொறொன்ரோவிலோ மெல்பனிலோ ஏல நிறுவனங்களிலும் நூதனசாலைகளிலும் படைக்கலன்களை வகைப்படுத்தி எழுதும் வேலை இருக்கிறது. அந்தந்த நாட்டு அனுமதிப்பத்திரத்தை முதலில் எடுங்கள். இங்கிருந்து ஒரு வெற்றுக் கோதைக்கூட நினைவுப் பொருளாகப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தின் எக்ஸ்ரே இயந்திரத்துக்கு நினைவுப் பொருள் என்றால் என்னவென்று தெரியாது.

நாளைக் காலை வேலைத்தலத்தில்

பழைய இரும்புக் கடை முதலாளிமாருக்கு: வாசலில் ஓர் அறிவித்தல் மாட்டுங்கள், ரவையோ வெடிபொருளோ எடுப்பதில்லை என்று, இரண்டு மொழியிலும். மூட்டையாக வரும் பித்தளையைத் தராசில் போடுமுன் தரையில் கொட்டிப் பாருங்கள், உலைக்கு அனுப்புமுன் மறுபடி பாருங்கள். வெளிநாட்டில் சுடுதளத்திலிருந்து வரும் பித்தளைக் கழிவுக்கு ‘வெடிபொருள் அற்றது’ என்று தகுதியுள்ளவர் கையெழுத்திட்ட சான்றிதழ் இல்லாமல் யாரும் தொட மாட்டார்கள். தீயில் விழுந்த தனி ரவையின் சன்னம் துவக்கிலிருந்து போவது போல் பாயாது, உண்மை. ஆனால் கோது பிளந்து பித்தளைச் சில்லு பறக்கும். கண்ணுக்கு அது போதும்.

தோட்ட ஸ்டோர்க்காரருக்கு: பங்களா அலுமாரியையும் பரணையும் ஒருமுறை பொறுப்பான உத்தியோகத்தர் முன்னிலையில் திறந்து பாருங்கள். இருப்புப் புத்தகத்தில் இல்லாத தோட்டா எதுவும் கண்டால் அதை மட்டும் தனியாக எழுதி, தொடாமல் பூட்டி, அன்றைக்கே மனேஜர் ஊடாகப் பொலிஸுக்கு அறிவியுங்கள். “இவ்வளவு காலம் கிடந்ததுதானே” என்று நாளைக்குத் தள்ளினால், கண்டுபிடித்தவர் என்ற பேர் போய் வைத்திருந்தவர் என்ற பேர் வரும்.

குழி வெட்டுகிறவருக்கு: வெட்டுவதை நிறுத்துங்கள். ஒரு டின் இருந்த இடத்தில் இன்னொன்று இருக்கலாம், அது ரவையாக இல்லாமல் கைக்குண்டாகவும் இருக்கலாம். எட்ட ஒரு கம்பு நட்டுத் துணி கட்டுங்கள். பிள்ளைகளை விலக்குங்கள். தொடாமல் ஒரு படம் எடுங்கள். 119க்கு அழையுங்கள், அல்லது இரத்தோட்டைப் பொலிஸுக்கு நேரே ஆளனுப்புங்கள்; கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லி வையுங்கள்.

அதன் பிறகு வழக்கமான நடைமுறை. பொலிஸார் நீதவானுக்கு அறிக்கை கொடுப்பார்கள், உத்தரவு வரும், உரிய பிரிவினர் எடுத்துப் போய் அழிப்பார்கள். அந்த டின் இருந்ததற்குச் சாட்சியாகப் பொலிஸ் புத்தகத்தில் நீங்கள் கொடுத்த வாக்குமூலம் மட்டும் நிற்கும். எங்கே, எப்போது, எத்தனை, யார் முதலில் கண்டது என்பது நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் பாருங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.